ஊவாத் தோட்டங்களும் இன்புளுவென்சாப் பெருந்தொற்றுகளும்

இலங்கையின் ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் மிகுந்த இம்மாகாணத்தில் இன்புளுவென்சாவின் வரலாறு, தொழிலாளர் வந்த வழியோடும் அவர்கள் குடியமர்த்தப்பட்ட, லயன் எனப்படும் வரிசை வீடுகளோடும் பிணைந்தது.

1918–1919

முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய எச்1என்1 வைரஸ் உலகெங்கும் சுமார் 5 கோடிப் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்படுகிறது. இலங்கைக்குள் அது நுழைந்த வழிகளாகக் கொழும்புத் துறைமுகமும், தென்னிந்தியாவிலிருந்து கப்பல் வந்துசேர்ந்த தலைமன்னாரும் கருதப்படுகின்றன. தோட்டங்களுக்கு ஆள் வந்ததும் பெரும்பாலும் தலைமன்னார் வழியாகவே. இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர். எனினும் பிளேக், கொலரா, பெரியம்மை ஆகியவற்றைக் கருதிச் செய்யப்பட்ட அந்த ஏற்பாடு, நோய்க்குறி தெரியும் முன்பே தொற்றக்கூடிய இன்புளுவென்சாவைத் தடுக்கப் போதவில்லை. தோட்டத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் ஒரு குடும்பமே படுத்துறங்கியதால் ஒருவரது காய்ச்சல் மற்றவருக்குத் தொற்றுவது எளிதாயிற்று. இறப்பு, நிகழாத பிறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றால் இலங்கை இழந்த மக்கள்தொகையை 2014 ஆய்வொன்று ஏறத்தாழ 307,000, அதாவது 6.7 வீதம், எனக் கணித்தது.

பிந்திய பெருந்தொற்றுகள்

1957இல் எச்2என்2, 1968இல் எச்3என்2 வைரஸ்கள் ஆசியாவிலிருந்து உலகெங்கும் பரவின. 2009 ஜூனில் புதிய எச்1என்1 தொற்று இலங்கையில் உறுதிசெய்யப்பட்டது. 2020இல், இன்புளுவென்சா அல்லாத கொரோனா வந்தபோது, வூஹானிலிருந்து அழைத்துவரப்பட்ட 33 இலங்கையர் பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை இராணுவ முகாமில் 14 நாள் தனிமைப்படுத்தப்பட்டனர். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டமே அப்போதும் கைகொடுத்தது.

முன்னாயத்தம்

இலங்கையில் இன்புளுவென்சா வழக்கமாக ஏப்ரல்–ஜூன், நவம்பர்–ஜனவரி ஆகிய இரு பருவங்களில் கூடுகிறது. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் மாதிரிகளைப் பரிசோதித்து, பரவும் வைரஸ் வகையைக் கண்டறிகிறது. புதிய வைரஸுக்கெதிரான தடுப்பூசி பெருமளவில் கிடைக்கப் பல மாதங்கள் பிடிக்கும். அதுவரை நோயாளியை விலக்கிவைப்பதும் காற்றோட்டமுமே காப்பு. ஆனால் நெருக்கமான லயனில் விலக்கிவைக்க வேறு அறையில்லை. நாட்சம்பளத் தொழிலாளி காய்ச்சலுக்காக வீட்டிலிருந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், இல்லை. அதனால் நோயோடே தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறார். ஆகவே தோட்டப்புற முன்னாயத்தத்தில் மருந்து இருப்பைப் போலவே தனி வீடும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பும் இடம்பெற வேண்டியவை.