மூன்று எண்ணும் ஓர் அகரமும்

1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. கணினிக்காரர்கள் 'சூழல் மாறி' என்று சொல்லும் ஏற்பாடு அதோடுதான் வந்தது. நான் படித்த பிரெஞ்சில் 'ஆன்விரோன்' என்றால் சுற்றுவட்டாரம். இந்தச் சொல்லுக்கும் அதுதான் வேர். ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போதே, எந்த மொழி, எந்தக் கோப்புறை என்ற விவரங்களை அதைக் கிளப்பிவிடும் தாய் நிரல் கொடுத்தனுப்பும். கொடுப்பது அசல் அல்ல, நகல். நம் ஆபீஸ் பாஷையில் 'உண்மை நகல்'. நகலில் அடித்துத் திருத்தினால் அசல் மாறுமா?

1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிடிபி என்ற டீபகரை எழுதினார். பழுதான நிரலை வரி வரியாக ஓட்டி, நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கருவி அது. அதற்குள் ஓடும் நிரலுக்கு ஜிடிபிதான் தாய்.

1991-இல் யூனிகோடு வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. அடுத்த ஆண்டு கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 முறையை வகுத்தார்கள். அதில் 'அ' என்பது மூன்று பைட். எட்டடிமான எண்ணில் 340, 256, 205. இங்கே நாம் 1999-இல் சென்னைத் தமிழ்நெட் மாநாட்டில் டாப், டாம் என்று இரண்டு குறியீடுகளை வைத்துக்கொண்டோம். தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது 2010-இல். ஒரு மேஜையில் அடித்த கடிதம் அடுத்த மேஜையில் கொக்கி கொக்கியாகத் தெரிந்த அந்த நாட்களை, திருச்சியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சமீபத்தில் ஸ்ரீரங்கம் வீட்டில் பேரன் ஜிடிபியை ஓட்டிக்கொண்டிருந்தான். 'அ' வர வேண்டிய இடத்தில் அந்த மூன்று எண்கள். "தமிழ் இதுல சரிப்படாது தாத்தா, இங்கிலீஷுக்கே மாத்திடறேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. தமிழ்மேல் பழி போடுவதற்கு முன் 'லேங்' என்ற மாறியைப் பார்க்கச் சொன்னேன். அதில் 'சி' என்று இருந்தது. அதாவது வெறும் ஆங்கில எழுத்து மட்டும்.

ஜிடிபிக்குள்ளேயே 'செட் என்விரான்மென்ட்' கொடுத்து மாற்றினான். எண்கள் அசையவில்லை. அந்தக் கட்டளை பிள்ளை நிரலுக்குப் போகும் நகலைத்தான் திருத்தும்; திரையில் எழுதிக் காட்டுவதோ தாயான ஜிடிபி. வெளியே வந்து, ஷெல்லில் தமிழ்-இந்தியா-யுடிஎஃப்-8 என்று 'எக்ஸ்போர்ட்' செய்து, மறுபடி ஜிடிபியைக் கிளப்பியதும் 'அ' வந்து நின்றது. 'எல்சி ஆல்' என்று இன்னொரு மாறி உண்டு. அதில் ஏதாவது எழுதியிருந்தால் 'லேங்' சொல்வது செல்லாது. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.