கயிற்றைப் பிடித்த கை

தை பிறக்கச் சில வாரங்கள் இருக்கும்போது பரவை, சமயநல்லூர், அலங்காநல்லூர் வட்டாரத்து மாட்டுக் கொட்டங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையில் தவிட்டைப் பிசைந்து ஒரு பெண் தொட்டியைக் காளையின் முன் நகர்த்துவார். அண்டை வீட்டு ஆள் வந்தாலே கொம்பைத் தாழ்த்தும் மாடு, "சும்மா நில்லுடா சாமி" என்ற அவர் அதட்டலுக்குக் காதை மட்டும் அசைத்துவிட்டு அடங்கி நிற்கும். பொங்கல் நாட்களில் ஜல்லிக்கட்டு வாடிவாசலின் ஒலிபெருக்கி அதே மாட்டை அழைக்கும்போது பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயரைத்தான் சொல்லும்.

பழைய இலக்கியத்தில் நிலைமை வேறு. கலித்தொகையின் முல்லைக்கலியில், சோழன் நல்லுருத்திரன் பாடிய ஏறுதழுவல் களத்தில், பார்வையாளர் பரணில் ஆயர்குலப் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். கொம்புக்கு அஞ்சுகிறவனை அவர்கள் ஏற்பதில்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை இன்னும் நெருங்கிய சான்று. அது நடப்பது மதுரையை ஒட்டிய ஆயர்பாடியில். ஏழு கன்னியர் ஆளுக்கொரு ஏற்றைக் குறித்து வளர்க்கிறார்கள். அந்தந்த ஏற்றை அடக்குபவனே அந்தந்தப் பெண்ணுக்கு உரியவன். பெண்ணைப் பரிசாக்கும் வழக்கம் என்று இதை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் காளையை வளர்த்தவள் யார் என்பதில் இளங்கோவுக்கு ஐயமே இல்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் பிச்சி, மருதன், ஜமீன்தார், கிழவர் என்று களமே ஆண்களால் நிறைந்திருக்கிறது. அது செல்லப்பாவின் குறையன்று. அவர் கண்ட களம் அப்படி. அணைபவனின் வீரமும் மாட்டுக்காரரின் கௌரவமும் முன்னால் வந்தபோது, வளர்ப்பு என்ற நெடிய உழைப்பு கொட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு களத்தில் பெண்கள் தள்ளப்பட்டதும் மீண்டு வந்ததும் ஆண்டுக் கணக்கோடு பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க மாட்டுப் பண்ணை வேலைகளிலிருந்து பிறந்த ரோடியோவில் தொடக்கத்தில் பெண்கள் முரட்டுக் குதிரைகள் மீதே ஏறினார்கள். 1929-இல் ஆரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் களத்தில் பானி மெக்கரோல் என்ற வீராங்கனை குதிரையோடு விழுந்து, அந்தக் காயத்தால் இறந்தார். அதன்பின் பெண்டில்டன் அந்தப் போட்டியைப் பெண்களுக்கு மூடியது. மற்ற ஊர்களிலும் கதவு மெல்ல மெல்லச் சாத்தப்பட்டது. களத்தில் ஆண்கள் இறக்காமல் இல்லை. அவர்களுக்காக எந்தப் போட்டியும் மூடப்படவில்லை.

1931-இல் டெக்சஸின் ஸ்டாம்ஃபோர்டு ஊரில் பெண்களை மீண்டும் அழைத்தார்கள், அலங்காரத்துக்காக. குதிரையோட்டத்தோடு உடையழகுக்கும் மதிப்பெண் உண்டு. பண்ணையில் ஆணுக்கு இணையாக மாடு மேய்த்து வளர்ந்தவர்களுக்கு இது எப்படி உறைத்திருக்கும்? 1948-இல் அதே மாநிலத்தின் சான் ஏஞ்சலோவில் 38 பெண்கள் கூடிப் பெண்கள் ரோடியோ சங்கத்தைத் தொடங்கினார்கள். அழகுக்கு மதிப்பெண் கிடையாது, கடிகாரம் சொல்வதே தீர்ப்பு என்ற பீப்பாய் ஓட்டம் அவர்கள் கையில் முழுப் போட்டியாக வளர்ந்தது.

மூன்று பீப்பாய்கள் முக்கோணமாக நிற்கும். முதல் இரண்டுக்கும் இடையே 90 அடி; அவற்றிலிருந்து மூன்றாவதற்கு 105 அடி. மூன்றையும் சுற்றி வாசலுக்குத் திரும்ப நல்ல குதிரைக்கு 17 வினாடி அளவில் போதும். பீப்பாய் ஒன்று சாய்ந்தால் 5 வினாடி கூடும், அத்தோடு வெற்றி போய்விடும். இந்த ஓட்டம் 1967-இல் தேசிய இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது. அங்கே ஆண்களுக்கு நிகரான பரிசுத்தொகை கிடைக்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பீப்பாய் ஓட்ட வீராங்கனை சார்மெய்ன் ஜேம்ஸின் கதையை மதுரைப் பக்கத்து மாடு வளர்ப்பவர் எவரும் உடனே புரிந்துகொள்வார். நியூ மெக்சிகோவின் கிளேட்டனைச் சேர்ந்த இந்தச் சிறுமிக்குக் கிடைத்தது, ஏறியவர்களையெல்லாம் உதறித் தள்ளிய குதிரை. ஸ்கேம்பர் என்ற அந்தக் குதிரையோடு 1984-இல், 14 வயதில், உலகப் பட்டம் வென்றார். 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் பட்டம் அவரிடமே இருந்தது. 2002-இல் வேறொரு குதிரையோடு பதினொன்றாவதும் வந்தது. 1985-இல் லாஸ் வேகாஸ் இறுதிப்போட்டியின் ஒரு சுற்றில், களத்துக்குள் பாயும்போதே ஸ்கேம்பரின் கடிவாளம் கழன்றது. இழுத்துப் பிடிக்க வழியில்லை. குதிரை தானாகவே மூன்று பீப்பாய்களையும் சுற்றி முடித்தது. அந்தச் சுற்றை அவர்கள் வென்றார்கள். பல நாள் பழக்கம் அந்தச் சில வினாடிகளில் வெளிப்பட்டது.

மதுரையின் திருப்பம் வழக்கு மன்றம் வழியாக வந்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. ஓட வாய்ப்பில்லாத காளைக்கும் தீனிச் செலவு குறையாது. அந்த ஆண்டுகளில் மாட்டை விற்காமல் காத்த வீடுகளில், கைக்காசைப் போட்டுத் தீனி வாங்கிய பெண்களின் பங்கை எந்தத் தீர்ப்பும் பேசவில்லை. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்து மதுரை தமுக்கம் திடலில் குழந்தைகளோடு வந்து அமர்ந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அந்த மாதமே மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

தடை நீங்கிய பிறகு அவனியாபுரத்திலும் அலங்காநல்லூரிலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாடிவாசல் வரை வரும் பெண்களைச் செய்திப் படங்களில் அதிகம் காண முடிகிறது. பள்ளி மாணவிகளும் காளையோடு வருகிறார்கள். காளைகளுக்கு இப்போது இணையப் பதிவு, கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று, டோக்கன் எல்லாம் உண்டு. அந்தப் பதிவில் உரிமையாளர் பெயருக்கென்று ஓர் இடம் இருக்கிறது. வளர்த்தவரின் பெயரே அங்கே ஏற வேண்டும். டெக்சஸ் பெண்கள் சங்கம் தொடங்கிப் புள்ளிகளையும் பெயர்களையும் எழுதி வைத்ததால்தான் அவர்கள் வரலாற்றை இன்று ஆண்டு சொல்லி எழுத முடிகிறது.

நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா தன் ஊர்ப்பெயரைச் சுமந்து திரை வரை போனார். அந்த ஊர்ப் பக்கத்தில் காளை வளர்க்கும் பெண்ணின் பெயர் தெருமுனையைத் தாண்டுவதே அரிது.

வாடிவாசலைக் கடந்த காளை அணைய வந்தவர்களை உதறிவிட்டு, மாடு சேகரிக்கும் இடத்தை நோக்கி மண் தெறிக்க ஓடும். அங்கே ஆண்கள் ஒதுங்கி நிற்க, மூச்சிரைக்கும் மாட்டின் முன்னால் ஒரு பெண் கயிற்றோடு நடந்து போய், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது கழுத்தை நீட்டும்.