தாணுமாலயன் என்னும் திருப்பெயர்

நாஞ்சில் நாட்டுத் திருத்தலங்களுள் தலைமை சான்றது சுசீந்திரம். ஆண்டு எழுந்தருளிய பெருமான் திருப்பெயர் தாணுமாலயன் என்பது. தாணு சிவபெருமான், மால் திருமால், அயன் நான்முகன். மூவரையும் ஒருருவிற் கண்டு வழிபடும் நெறி இப்பெயரானே விளங்கும். இதனை இக்காலத்தார் சிலர் 'தாணுமலையன்' என எழுதுகின்றனர். வேறு சிலர் 'ஸ்தாணு' என்பதே தூயது, தாணு என்பது சிதைவு என்கின்றனர். இவ்விரண்டும் பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் தாணு. ஸ்தாணு என்னும் வடசொல் அசைவின்றி நிலைபெற்றது என்னும் பொருட்டு. தமிழில் தனிமெய் மொழிக்கு முதலாகாது. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தின் நீங்கித் தமிழெழுத்தொடு புணர்தல் வேண்டும் என்பது தொல்காப்பியனார் துணிபு. அம்முறையானே ஸ்தலம் தலமாயிற்று, ஸ்தோத்திரம் தோத்திரமாயிற்று. தலம் என்பதனைச் சிதைவென்று இகழ்வார் யாருமிலர். மணிவாசகப் பெருமானும் திருவாசகத்துள் இறைவனைத் தாணுவென்றே விளித்தருளினர். இவ்வியல்பு தமிழுக்கே உரியதன்று. பள்ளியைக் குறித்த 'ஸ்கோலா' என்னும் இலத்தீன் சொல், ஸ்பானிய மொழியில் முன்னே ஓர் உயிர் பெற்று 'எஸ்குவேலா' என நின்றது. தமிழ் மெய்யைக் களைந்தது. அம்மொழி உயிரைக் கூட்டியது. ஒவ்வொரு மொழியும் தன் நாவிற்கு இசைந்தவாறே பிறமொழிச் சொல்லை ஏற்கும் என்க.

இனி மலையன் என்பது. ஆங்கில எழுத்தில் மகரக் குறிலும் நெடிலும் ஒருபடித்தாகவே எழுதப்படும். அவ்வெழுத்தைப் பார்த்து மீளத் தமிழில் எழுதுவார் நெடிலைக் குறிலாக்குதல் எளிது. இடையில் வரும் ஐகாரம் குறுகி ஒலித்தலின் 'ல', 'லை' என்பனவும் செவிக்கு மயங்கும். மேலும், கயிலை மலையானுக்கு மலையன் என்னும் பெயர் பொருந்துவது போலத் தோன்றுதலின் வழு வழுவென்றே புலப்படுவதில்லை. இதுவே பெருந்தீங்கு.

ஊர்ப்பெயரும் இவ்வாறு மயங்குவதுண்டு. வடமொழியில் 'சுசி' என்பதன் ஈரெழுத்தும் வேறு வேறு ஒலியின. தமிழில் இரண்டும் ஒரே சகரம். ஆங்கிலம் அவற்றை வேறுபடுத்தி எழுதுதலின் அயலார் 'சுச்சீந்திரம்' என்பர். ஆயினும் ஆண்டு ஊர் மாறிற்றில்லை. திருப்பெயரிலோ மாகாரத்தின் ஒரு மாத்திரை குறைய மாலும் மறைந்தனர்; அயனும் மறைந்தனர். மூவர்க்குரிய பெயர் ஒருவர்க்காயிற்று.

ஆதலின் திருக்கோயிற் பலகையிலும் அச்சேட்டிலும் பிள்ளைகட்கு இடும் பெயரிலும் 'தாணுமாலயன்' என்றே எழுதுதல் அன்பர்க்குக் கடனாம்.