பிரான்சு தேசத்துத் துவிச்சக்கர வண்டிப் பந்தயம்: 1903 - 1919

பிரான்சு தேசத்தைச் சுற்றி நடைபெறும் நெடும்பந்தயம் ஒரு பத்திரிகைச் சண்டையிற் பிறந்ததாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திரைபஸ் என்னும் யூத இராணுவ அதிகாரிமீது சாட்டப்பட்ட பொய்க் குற்றம் பிரான்சிய மக்களை இரு கூறாக்கியது. பச்சைத்தாளில் அச்சாகிய 'லே வேலோ' என்னும் விளையாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் பியர் ஜிபார், திரைபஸின் பக்கம் நின்றார். அப்பத்திரிகைக்கு விளம்பரம் அளித்துவந்த மோட்டார் உற்பத்தியாளராகிய டி டியன் பிரபுவோ எதிரணியைச் சேர்ந்தவர். அவரும் அவரைச் சார்ந்தோரும் விளம்பரங்களை நிறுத்திக்கொண்டு, 1900இல் மஞ்சட்டாளில் வேறொரு பத்திரிகையைத் தொடக்கினர். 'லோட்டோ' எனப் பின்னர் பெயர் பெற்றது அதுவே. 1893இல் ஒருமணி நேரத்தில் 35 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சாதனை நாட்டிய ஹென்றி டெக்ராஞ்ச் அதன் ஆசிரியராயினார்.

விற்பனையோ மந்தமாகவே இருந்தது. 1902 நவம்பரில் ஜியோ லெபெவ்ர் என்னும் இளம் எழுத்தாளர், நாடு முழுவதையும் சுற்றும் பந்தயம் ஒன்றை நடத்தலாம் என ஆசிரியருக்கு யோசனை கூறினார். நீதியை நாடிய கிளர்ச்சிக்குப் பகையாக எழுந்த பத்திரிகை, பின்னர்ப் பந்தய நீதிபற்றி ஓயாது பேச நேர்ந்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1903 ஜூலை முதலாந் திகதி, பாரிசுக்கு அணித்தான மொன்ஜெரோன் என்னும் ஊரிலிருந்து 60 பேர் புறப்பட்டனர். தூரம் 2,428 கிலோமீற்றர், கட்டங்கள் ஆறு. பாரிசிலிருந்து லியோன் வரையான முதற்கட்டம் மட்டுமே 467 கிலோமீற்றர். இரவிலும் ஓட்டவேண்டியிருந்தது. மாற்று டயர்களைத் தோளிற் சுற்றிக்கொண்டே ஓட்டினர். லெபெவ்ர் புகைவண்டியிலும் துவிச்சக்கர வண்டியிலுமாகப் பந்தயத்தைத் தொடர்ந்து சென்று செய்தி அனுப்பினார். பாரிசுக்கு மீண்டோர் 21 பேரே. இத்தாலியிற் பிறந்து, புகைபோக்கி துடைக்குந் தொழில் செய்திருந்த மொரிஸ் கராங், ஏறக்குறைய மூன்று மணி நேர முந்துகையுடன் வென்றார். 25,000 பிரதிகள் விற்ற பத்திரிகை 65,000 ஆக உயர்ந்தது.

அடுத்த ஆண்டிலேயே கேடு சூழ்ந்தது. தத்தம் ஊரவன் வெல்லவேண்டும் என்னும் வெறி மக்களைப் பற்றியது. சந்தெத்தியேன் அருகிலே, இரவில் மலைப்பாதையிற் காத்திருந்த கூட்டத்தினர், தம்மூர்ப் போட்டியாளனைப் போகவிட்டு ஏனையோரைத் தாக்கினர். துப்பாக்கியை வானோக்கிச் சுட்டே கலைக்கவேண்டியதாயிற்று. வீதிகளில் ஆணிகள் தூவப்பட்டன. ஓட்டுநருட் சிலரும் ஒழுங்கு தவறினர். அவ்வாண்டிறுதியில், துவிச்சக்கர வண்டிச் சங்கம் முதல் நால்வரையும் நீக்கி, ஐந்தாமவராய் வந்த ஹென்றி கோர்னே என்னும் பத்தொன்பது வயதினரை வெற்றியாளராக்கியது. நீக்கப்பட்டோருட் கராங்கும் ஒருவர். 1905 முதல் கட்டங்கள் குறுகின. காலக்கணக்கு நீங்கிப் புள்ளிக்கணக்கு வந்தது. விதிகளும் கடுமையாயின. வண்டி பழுதுபட்டால் ஓட்டுநரே பிறர் உதவியின்றிச் சீர்செய்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அவ்விதியின் முழுப் பாரத்தையும் சுமந்தவர் இயூஜின் கிறிஸ்தோப். 1912இல் இரண்டாமிடம் பெற்ற இவர், 1913இல் பிரனீசு மலைத்தொடரில் முதலிடத்தை எட்டும் நிலையில் இருந்தார். 2,115 மீற்றர் உயரமான தூர்மலேக் கணவாயிலிருந்து இறங்குகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் கவர்த்தண்டு முறிந்தது. வண்டியைத் தோளிற் சுமந்து, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து, சாந்த் மரி டி கம்பன் என்னுஞ் சிற்றூரின் கொல்லன் பட்டடையை அடைந்தார். கொல்லன் வாயாற் சொல்லலாம், கைதொடலாகாது. பந்தய அதிகாரிகள் பார்த்து நிற்க, கிறிஸ்தோப் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். இரும்பைப் பிடித்துச் சம்மட்டியும் ஓங்குபவனுக்குத் துருத்தி ஊத மூன்றாவது கை ஏது? சிறுவன் ஒருவன் ஊதினான். அதற்காகப் பத்து நிமிடத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் மூன்றாகக் குறைக்கப்பட்டது.

அன்று இழந்த நேரம் நான்கு மணிக்கு அண்மையானது. அதன்முன் மூன்று நிமிடம் எம்மாத்திரம்? வெற்றியைப் பறித்தது துருத்தியன்று. அவ்வாண்டிலேதான் புள்ளிமுறை கைவிடப்பட்டுக் காலக்கணக்கு மீண்டது. புள்ளிமுறை நிலைத்திருப்பின் அவருடைய இழப்பு ஒரு கட்டத்தின் புள்ளிகளோடு ஒழிந்திருக்கும். ஆயினும் கடுந்தண்டத்தைக் குறைத்த அதிகாரிகளுக்கே அது நீதியாகத் தோன்றவில்லை என்பது தெளிவு. 1904இன் சூதுகளைத் தடுக்க வலுப்பெற்ற கடுமை, சூதறியாத ஒருவர்மீது விழுந்தது. வென்றவர் பெல்சியத்துப் பிலிப் தீஸ்.

முதலாம் உலகப் போரின்பின், 1919இல் பந்தயம் மீண்டும் நடைபெற்றது. முன்னணியில் நிற்பவரை வழியோர மக்கள் இனங்காணும் பொருட்டு மஞ்சட் சட்டை வழங்கப்பட்டது. பத்திரிகைத் தாளின் நிறமும் மஞ்சளே. அதனை முதன்முதல் அணிந்தவர் கிறிஸ்தோப். இறுதிக்கு முந்திய கட்டத்தில், வலென்சியன் நகருக்கு அருகே, அவருடைய கவர்த்தண்டு மீண்டும் முறிந்தது. மீண்டுந் தம் கையாற் சீர்செய்தார், மூன்றாமிடமே கிடைத்தது. பெர்மின் லம்போ வென்றார்.

வாசகர்கள் கிறிஸ்தோப்புக்கெனப் பணம் அனுப்பலாயினர். கொடுத்தோர் பெயர்கள் பத்திரிகையிற் பட்டியலாக வெளிவந்தன. சேர்ந்த தொகை லம்போ பெற்ற முதற் பரிசை விஞ்சியது.