கூடார விழாவின் தண்ணீரும் கிறிஸ்து தரும் தண்ணீரும்



புரட்டாசி மாதத்தில் பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் வானத்தைப் பார்க்காத விவசாயி கிடையாது. குண்டாற்றில் மணல்தான் தெரியும். கண்மாய்கள் ஐப்பசி மழைக்காகக் காத்துக் கிடக்கும். மானாவாரிக் கரிசலில், மழைக்கு முன்பே புழுதியில் விதையைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. இந்தக் காத்திருப்பை அறிந்தவர்களுக்குப் பழைய இஸ்ரயேலின் கூடார விழா எளிதில் விளங்கும்.

பழைய ஏற்பாட்டு வழிபாடு என்றதும் ஆட்டுப்பலி, எரிபலி என்று நினைத்து, “அதெல்லாம் முடிந்துபோன கதை” என்று நம்மில் பலர் கடந்துவிடுகிறோம். ஆனால், ஆண்டவர் இயேசு அந்த வழிபாட்டில் பங்கெடுத்தார். தம்மைப் பற்றிய ஓர் உண்மையை வெளிப்படுத்த அதன் விழா நாளையே தெரிந்துகொண்டார்.

கூடார விழா

இஸ்ரயேலின் மூன்று பெரிய திருப்பயண விழாக்களுள் இது ஒன்று (இச 16:13-16). ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் தொடங்கும். நம் கணக்கில் செப்டம்பர் - அக்டோபர். அறுவடையைச் சேர்த்து முடித்த மகிழ்ச்சியும், பாலைநிலத்தில் முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்த நினைவும் இதில் கலந்திருந்தன. மக்கள் இலைதழைகளால் குடில் அமைத்து ஏழு நாள் அதில் தங்கினர் (லேவி 23:33-43).

எருசலேமில் மே முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய மழையே இராது. அக்டோபரை ஒட்டி வரும் முதல் மழையை நம்பித்தான் அடுத்த விதைப்பு. ஆகவே இந்த விழா மழைக்காக மன்றாடும் விழாவாகவும் இருந்தது. விழாவுக்கு வராதோர்க்கு மழை இராது என்று இறைவாக்கினர் செக்கரியா கூறுவதும் இதனால்தான் (செக் 14:16-17).

நீர் ஊற்றும் சடங்கு

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூத நூலான மிஷ்னா இச்சடங்கை விவரிக்கிறது. விழா நாள்களில் குரு ஒருவர் பொற்குடத்தில் சிலோவாம் குளத்து நீரை எடுத்து வருவார். தண்ணீர் வாயிலில் எக்காளம் முழங்கும். அந்நீர் பலிபீடத்தில் திராட்சை இரசத்தோடு ஊற்றப்படும். 2004ஆம் ஆண்டு எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலை நடந்தபோது, இயேசுவின் காலத்துச் சிலோவாம் குளத்தின் கற்படிகள் வெளிப்பட்டன.

ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டிலேயே தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் கோடை முடிவில், அந்தத் தண்ணீரையே எடுத்துக் கடவுள்முன் ஊற்றினார்கள். மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. குறைவில் இருந்து கொடுப்பதற்கு நம்பிக்கை வேண்டும். புழுதியில் விதைக்கும் நம் விவசாயிக்கு இது புரியும்; வீட்டில் உண்ணக்கூடிய தானியத்தை, இன்னும் வராத மழையை நம்பி மண்ணில் போடுகிறவர் அவர்.

இயேசுவின் அழைப்பு

இந்த விழாவின் இறுதியான பெருநாளில் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருப்போர் யாராயினும் தம்மிடம் வரலாம் என்று உரத்த குரலில் அழைத்தார் (யோவா 7:37-39). அவர் குறிப்பிட்டது தூய ஆவியை என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். எசேக்கியேல் காட்சியில் கோவிலிலிருந்து ஆறு புறப்பட்டு உவர்நீரையும் நன்னீராக்குகிறது (எசே 47:1-12). யோவானின் பார்வையில் அந்தப் புதிய கோவில் கிறிஸ்துவின் உடலே (யோவா 2:21). சிலுவையில் அவரது விலாவிலிருந்து இரத்தமும் நீரும் வடிந்தன (யோவா 19:34). பிறவியிலேயே பார்வையற்ற மனிதரை அவர் அனுப்பியதும் அதே சிலோவாம் குளத்திற்குத்தான் (யோவா 9:7).

மழைக்கான மன்றாட்டை இயேசு இகழவில்லை. மண்ணின் தாகத்திற்காக எழுந்த அந்த மன்றாட்டை எடுத்து, மனிதரின் ஆழமான தாகத்தையும் அதோடு சேர்த்தார். நிறைவாக்குதல் என்பது இதுதான். விதையை எறிந்துவிட்டுப் பயிரைப் பெற முடியாது. நம் திருச்சபையிலும் மழைக்காகத் திருப்பலி உண்டு. பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு நீருக்கு ஆசி வழங்கும் மன்றாட்டு, செங்கடலையும் ஆண்டவரின் விலாவையும் சேர்த்தே நினைவுகூர்கிறது.

வேரை மறவாதிருப்போம்

கி.பி. 70இல் உரோமையர் கோவிலை அழித்தபின் நீர் ஊற்றும் சடங்கு நின்றது. ஆனால் யூத மக்களின் மன்றாட்டு நிற்கவில்லை. கூடார விழாவை அடுத்து வரும் எட்டாம் நாளில் இன்றும் அவர்கள் மழைக்காகச் செபிக்கின்றனர். அவர்களை நிராகரிக்கப்பட்டவர்களாகக் காட்டலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கை கற்பித்தது. வேர்தான் கிளையைத் தாங்குகிறது என்று பவுலடியாரும் நினைவூட்டுகிறார் (உரோ 11:17-18).

‘யாராயினும்’ என்ற சொல்

இயேசுவின் அழைப்பில் நம்மை உறுத்த வேண்டிய சொல் இது. கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்தச் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று 1950 முதல் நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வந்தும் மனத்தில் வேலி இருக்கிறது. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் பிறந்தவர்கள் திருவிழாவிலும் கல்லறையிலும் பிரிந்து நின்றால், நாம் பெற்ற தண்ணீருக்கு என்ன பொருள்?

இந்த ஆண்டு மழைக்காகச் செபிக்கும்போது மூன்று காரியங்களைச் செய்வோம். நம் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் ஊரோடு சேர்ந்து திறந்துவிடுவோம். வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்பவரிடம், நீங்கள் எந்தத் தெரு என்று கேளாமல் கொடுப்போம். யோவான் நற்செய்தி ஏழாம் அதிகாரத்தைக் குடும்பமாக அமர்ந்து வாசிப்போம்.

மேலே மேகத்தைத் தருகிறவரும் உள்ளே ஆவியைத் தருகிறவரும் ஒருவரே. அவர் நம் மண்ணையும் மனத்தையும் நனைப்பாராக. ஆமென்.