மின்கடத்துத்திறன்: கரிம வேதியியல் ஆய்வில் அதன் இடம்

ஒரு பொருளோ கரைசலோ மின்னோட்டத்தைத் தன் வழியே எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதன் அளவே மின்கடத்துத்திறன். மின்தடையின் தலைகீழி என்றும் சொல்லலாம். இதன் அலகு சீமென்ஸ். பழைய நூல்களில் இதே அலகு ‘மோ’ என்றிருக்கும். ஓம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப்போட்டு உண்டாக்கிய சொல் அது.

கரிமச் சேர்மங்களில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. பென்சீன், மெழுகு, எண்ணெய், சர்க்கரைக் கரைசல் எல்லாம் அப்படித்தான். இந்த அளவீடு கரிம வேதியியலில் பயன்பட்டதற்கு அதுவே காரணம். கடத்தாத ஒன்று, குறிப்பிட்ட கரைப்பானில் கடத்தத் தொடங்கினால் அங்கே அயனி பிறந்திருக்கிறது. எத்தனை அயனி, அவை எவ்வளவு விரைவாக நகர்கின்றன என்ற இரண்டும் கலந்த ஓர் எண்ணைக் கருவி தருகிறது. அந்த அயனி எது என்பதை மட்டும் ஒருபோதும் சொல்வதில்லை. இந்த அளவீட்டின் வெற்றிகளும் அது உண்டாக்கிய குழப்பங்களும் இந்தக் குறையோடு சேர்ந்தே வந்தவை.

அளக்கும் முறை

கரைசலில் நேர்மின்னோட்டம் செலுத்தினால் மின்வாய்களில் வேதிமாற்றம் நடந்து அளவு கெட்டுவிடும். ஜெர்மானிய இயற்பியலர் ஃப்ரீட்ரிஷ் கோல்ராஷ், மாறுதிசை மின்னோட்டத்தைப் பயன்படுத்தி இந்தச் சிக்கலைத் தீர்த்தார். வீட்ஸ்டன் சமனச்சுற்றில் ஒரு தொலைபேசிக் காதுக்குழலை இணைத்து, அதில் இரைச்சல் அடங்கும் இடத்தைத் தேடினார். அவர் 1870-களில் கண்ட விதி, மிக நீர்த்த கரைசலில் ஒவ்வோர் அயனியும் மற்றதைப் பொருட்படுத்தாமல் தன் பங்கைத் தருகிறது என்கிறது. 25 பாகை செல்சியஸில் நீரில் ஹைட்ரஜன் அயனியின் பங்கு 350, ஹைட்ராக்சைடின் பங்கு 199, குளோரைடு 76, சோடியம் 50, அசிட்டேட் 41 (சதுர செ.மீ. சீமென்ஸ்/மோல் அலகில்). முதல் இரண்டும் மட்டும் இவ்வளவு உயர்ந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். அவை நீந்திச் செல்வதில்லை. நீர் மூலக்கூறுகளிடையே புரோட்டான் கைமாறிக்கொண்டே போகிறது. கரிம வினைகளைக் கடத்துத்திறனால் பின்தொடர முடிவது பெரும்பாலும் இந்த வேறுபாட்டின் தயவில்தான்.

கலத்தின் வடிவம் அளவைப் பாதிக்கும் என்பதால், தெரிந்த கரைசலைக் கொண்டு கலமாறிலியை முதலில் கணிக்கிறார்கள். வழக்கமான கரைசல் 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு. 25 பாகையில் அதன் மதிப்பு செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமென்ஸ். நீர்க்கரைசல்களில் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் கடத்துத்திறன் ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். ஆகவே நல்ல அளவீட்டுக்கு நல்ல வெப்பநிலைத் தொட்டி கருவியைவிட முக்கியம். மிகத் தூய நீரின் மதிப்பு 0.055 மைக்ரோசீமென்ஸ், அதைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்தே 1 வரை ஏறிவிடும். கரிம வேதியியலர் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. உப்புக் கரைசல்களுக்கு உகந்த கரும்பிளாட்டினப் பூச்சு, கரிமப் பொருள்களைத் தன் பரப்பில் பிடித்துவைக்கும்; சிலவற்றை ஆக்சிஜனேற்றமும் செய்யும். அத்தகைய கரைசல்களுக்குப் பூச்சில்லாத பளபளப்பான பிளாட்டினமே பாதுகாப்பானது.

அமிலங்களின் வலிமையிலிருந்து அமைப்புக்கு

ஸ்வாந்தே அரீனியஸ் 1884-இல் உப்சாலாவில் அளித்த ஆய்வேடு கடத்துத்திறன் அளவீடுகளைப் பற்றியது. அதன் அருமையை உடனே உணர்ந்தவர் அப்போது ரீகாவில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்வால்ட். லைப்சிக் சென்றபின் 1888-இல் அவர் நீர்த்தல் விதியை வெளியிட்டார். நீர்க்க நீர்க்க மோலார் கடத்துத்திறன் எவ்வாறு உயர்கிறது என்று பார்த்தால், வீரியம் குறைந்த அமிலத்தின் பிரிகை மாறிலியைக் கணக்கிட்டுவிடலாம். அடுத்த ஆண்டே இருநூறுக்கும் மேற்பட்ட கரிம அமிலங்களின் மாறிலிகளை அவர் அச்சேற்றினார். ஒரு மூலக்கூறின் அமைப்புக்கும் அதன் நடத்தைக்கும் உள்ள உறவு எண்களாக, இத்தனை பெரிய தொகுதியாக வந்தது அதுவே முதல்முறை என்று சொல்லலாம்.

அசிட்டிக் அமிலத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரினை வைத்தால் பிரிகை மாறிலி ஏறத்தாழ 80 மடங்காகிறது. இரண்டாவது குளோரின் அதை மேலும் பல மடங்கு உயர்த்துகிறது. மூன்றாவது வந்தபின் அமிலம் அவ்வளவு வலிமை பெற்றுவிடுவதால் நீர்த்தல் விதியே சரியாகப் பொருந்துவதில்லை. மலீயிக், பியூமரிக் அமிலங்கள் இரண்டுக்கும் அணுக்கள் ஒன்றே, பிணைப்பு வரிசையும் ஒன்றே. இரு கார்பாக்சில் தொகுதிகள் ஒரே பக்கம் இருக்கின்றனவா எதிரெதிரே இருக்கின்றனவா என்பதே வேறுபாடு. மலீயிக் அமிலத்தின் முதல் மாறிலி பியூமரிக்கைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது. இரட்டைப் பிணைப்பைச் சுற்றிய வடிவம் என்பது காகிதத்தில் வரையும் வசதி மட்டும்தானா என்று கேட்டவர்களுக்கு இது நல்ல பதிலாக அமைந்தது.

சில நேரம் எண்ணைவிட அது மாறும் விதமே சேதி சொல்லும். நைட்ரோ சேர்மங்களின் சோடியம் உப்புக் கரைசலில் அமிலம் சேர்த்தால் கடத்துத்திறன் உடனே ஒரு நிலையான மதிப்புக்கு வர வேண்டும். மெட்டா-நைட்ரோபீனைல் நைட்ரோமீத்தேனில் அப்படி நிகழவில்லை என்று ஹோலமன் 1895-இல் கண்டார். மஞ்சள் நிறம் மெல்ல வெளிறியது, அதோடு சேர்ந்து கடத்துத்திறனும் மெல்லக் குறைந்தது. மறு ஆண்டு ஹான்ட்ஷும் ஷூல்ட்ஸேயும் பீனைல் நைட்ரோமீத்தேனின் இரு வடிவங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டினர். ஹைட்ரஜன் ஆக்சிஜனில் இருக்கும் வடிவம் உண்மையான அமிலம். அது நேரம் செல்லச்செல்ல ஹைட்ரஜன் கார்பனில் இருக்கும் வடிவமாக, கடத்தாத நடுநிலைப் பொருளாக மாறுகிறது. இதனை ஹான்ட்ஷ் ‘போலி அமிலம்’ என்றார். இயங்குமாற்றியம் நடப்பதைக் கடிகாரம் வைத்துப் பார்த்த அரிய இடங்களில் இது ஒன்று.

சர்க்கரையும் போரிக் அமிலமும்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பேராசிரியராக இருந்த யாகோப் பூஸெக்கன் செய்த வேலை இந்தத் துறையின் மிக அழகான பக்கம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. போரிக் அமிலம் மிக வலுவற்றது. அதன் கரைசல் அநேகமாகக் கடத்தாது. சர்க்கரையும் கடத்தாது. ஆனால் அடுத்தடுத்த கார்பன்களில் இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒரே பக்கம் அருகருகே இருந்தால், போரான் அணு இரண்டையும் பற்றி வளையமாகிறது. அப்படி உண்டாகும் கூட்டுப்பொருள் போரிக் அமிலத்தைவிட வலிய அமிலம். கடத்தாத இரண்டைச் சேர்த்தால் கடத்துகிறது. ஹைட்ராக்சில்கள் எதிர்ப்பக்கங்களில் இருந்தால் போரானுக்கு எட்டாது, கடத்துத்திறனும் ஏறாது. சைக்ளோபென்டேனின் இரு டையால்களில் ஒரே பக்க வடிவம் கடத்துத்திறனை உயர்த்துகிறது, எதிர்ப்பக்க வடிவம் உயர்த்துவதில்லை.

1913-இல் பூஸெக்கன் இதைக் குளுக்கோஸுக்குப் பொருத்தினார். குளுக்கோஸுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரு வடிவங்கள் உண்டு. நீரில் எதைக் கரைத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் கலந்த ஒரே சமநிலைக்கு வந்துவிடும். முதல் கார்பனின் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே இரண்டுக்குமான வேறுபாடு. அன்று எது எது என்று உறுதியாகச் சொல்ல வழி இல்லை. புதிதாகக் கரைத்த ஆல்ஃபா-குளுக்கோஸோடு போரிக் அமிலம் சேர்த்தபோது கடத்துத்திறன் கூடுதலாக இருந்து நேரத்தோடு இறங்கியது. பீட்டாவில் நேரெதிராக, குறைவில் தொடங்கி ஏறியது. ஆகவே ஆல்ஃபா வடிவத்தில்தான் முதல், இரண்டாம் கார்பன்களின் ஹைட்ராக்சில்கள் ஒரே பக்கம் இருக்கின்றன. பிற்காலத்து முறைகளும் இதையே உறுதிசெய்தன. ஆறு உறுப்பு வளையங்களில் மட்டும் விடைகள் இவ்வளவு தெளிவாக வரவில்லை. அந்த வளையம் தட்டையானதல்ல, வளைந்து நெளிவது என்பதே அதற்குக் காரணம்.

கார்பனில் மின்சுமை

மோசஸ் காம்பெர்க் 1900-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ட்ரைபீனைல்மெத்தில் என்ற தனி உறுப்பை அறிவித்தார். அதைத் தொடர்ந்து அதன் குளோரைடைப் பலரும் எடுத்து ஆராய்ந்தனர். பென்சீனில் நிறமற்றும் கடத்தாமலும் கிடக்கும் அந்தக் குளோரைடு, திரவக் கந்தக டைஆக்சைடில் மஞ்சளாகி மின்சாரத்தைக் கடத்துவதை ரீகாவில் இருந்த பால் வால்டன் 1902-இல் கண்டார். குளோரைடு அயனி பிரிந்து போயிருந்தால் எஞ்சியது நேர்மின்சுமை கொண்ட கார்பன். சமையலுப்பைப் போலக் கார்பனும் அயனியாகும் என்பதை அன்றைய கரிம வேதியியலர் எளிதில் ஏற்கவில்லை. அவர்களின் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை: குளோரின் இல்லாத அந்தத் தனி உறுப்பும் அதே கரைப்பானில் கடத்தியது. எண் மட்டும் கையில் இருந்தால் எதைக் கண்டோம் என்பதில் குழம்புவது எளிது.

இருபது ஆண்டு கழித்து ஹான்ஸ் மேர்வைன் இந்தப் பழைய அளவீட்டை ஒரு முழக்கோலாக எடுத்துக்கொண்டார். கேம்பீன் ஹைட்ரோகுளோரைடு, ஐசோபோர்னைல் குளோரைடாக மாறும்போது கார்பன் கூடே இடம்பெயர்கிறது. ட்ரைபீனைல்மெத்தில் குளோரைடை அயனியாக்கும் கரைப்பான்களும் உலோகக் குளோரைடுகளும் எவையோ, அவையே இந்த மாற்றத்தையும் விரைவுபடுத்தின. வினையின் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கார்பன் நேரயனி இருக்கிறது என்று 1922-இல் அவர் முடிவுசெய்தார். இன்று பட்டப்படிப்பு மாணவர் முதல் ஆண்டிலேயே வரையும் இடைநிலை இப்படி வந்ததுதான்.

வினைவேகம்

எத்தில் அசிட்டேட்டைச் சோடியம் ஹைட்ராக்சைடு சோப்பாக்கும்போது, 199 பங்கு தரும் ஹைட்ராக்சைடு போய் 41 மட்டுமே தரும் அசிட்டேட் வருகிறது. கரைசலிலிருந்து ஒரு துளியும் எடுக்காமல், வினையைத் தொந்தரவு செய்யாமல், கடத்துத்திறன் இறங்குவதை மட்டும் பார்த்து வினைவேக மாறிலியைப் பெறலாம். ஜேம்ஸ் வாக்கர் 1906-இல் காட்டிய இந்த வழி, இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்முறைப் பாடமாக நிற்கிறது.

ஆராய்ச்சியில் இதன் பெரிய களம் கரைப்பானாற்பகுப்பு. மூவிணைய பியூட்டைல் குளோரைடு நீரிலோ ஆல்கஹாலிலோ உடையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகிறது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கடத்துத்திறன் ஏறுகிறது. 25 பாகையில் 80 சதவீத எத்தனாலில் இதன் அரைவாழ் காலம் ஏறத்தாழ 21 மணி. தூய நீரில் அரை நிமிடத்துக்கும் குறைவு. இத்தகைய வேறுபாடுகளிலிருந்தே கிரன்வால்டும் வின்ஸ்டீனும் 1948-இல் கரைப்பான்களின் அயனியாக்கும் ஆற்றலுக்கு ஓர் அளவுகோலை உருவாக்கினர். அளவீட்டின் நுட்பம் இன்னொரு கதவையும் திறந்தது. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்தால் வேகம் சில சதவீதம்தான் மாறும் என்ற இடங்களில், தரம்பார்த்தலின் பிழையிலேயே அந்த மாற்றம் மூழ்கிவிடும். இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஷைனரின் குழுவால் கடத்துத்திறனைக் கொண்டு இந்தச் சிறு வேறுபாடுகளை நம்பகமாக அளந்து, இடைநிலையின் வடிவத்தைப் பற்றிப் பேச முடிந்தது.

அயனி இருந்தும் கடத்தாதபோது

கடத்தவில்லை என்றால் அயனி இல்லை என்று பொருளா? இல்லை. மின்காப்பு மாறிலி குறைந்த கரைப்பானில் நேரயனியும் எதிரயனியும் ஒன்றையொன்று விடாமல் ஜோடியாகத் திரியும். ஜோடிக்கு நிகர மின்சுமை இல்லாததால் மின்புலம் அதை இழுப்பதில்லை. பியெரும் என்ற வேதியியலர் 1926-இல் முன்வைத்த இந்தக் கருத்தை, பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஃபூயஸும் கிராஸும் 1933-இல் சோதித்தனர். ஒரே அம்மோனியம் உப்பை டையாக்சேன்–நீர்க் கலவைகளில் கரைத்து, மின்காப்பு மாறிலியை 78-இலிருந்து 2.2 வரை இறக்கிப் பார்த்தனர். செறிவைக் கூட்டினால் மோலார் கடத்துத்திறன் முதலில் குறைந்து, பிறகு விநோதமாக ஏறியது. மூன்று அயனிகள் சேர்ந்த கொத்துகள் மறுபடி மின்சுமை பெறுவதாக அவர்கள் விளக்கினர்.

பலபடி வேதியியலில் இதன் பயன் நேரடியானது. மைக்கேல் ஷ்வார்க் 1956-இல் அறிமுகம் செய்த ‘உயிருள்ள’ பாலிஸ்டைரீன் சங்கிலிகளில், டெட்ராஹைட்ரோஃபியூரானில் ஒரு மிகச் சிறு பங்கே தனி அயனியாக இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று கடத்துத்திறன் சொன்னது. அதை வினைவேகத்தோடு வைத்துப் பார்த்தால், சோடியத்தோடு ஜோடியாக இருக்கும் சங்கிலியைவிடத் தனி அயனி ஏறத்தாழ 800 மடங்கு விரைவாக வளர்கிறது என்று தெரிந்தது. எண்ணிக்கையில் அற்பம், வேலையில் பெரும்பங்கு அதனுடையது.

பிற பயன்கள்

சோப்பு, சலவைப் பொருள் போன்றவற்றின் மூலக்கூறுகள் ஒரு செறிவுக்கு மேல் கொத்தாகத் திரள்கின்றன. கடத்துத்திறன் வரைகோடு அங்கே முறிந்து சாய்வு குறைகிறது. சோடியம் டோடெசைல் சல்ஃபேட்டுக்கு அந்த இடம் லிட்டருக்கு 8.2 மில்லிமோல். உலோகத்தோடு இணைந்த கரிம ஈனிகளை ஆராய்வோர், அணைவு ஓர் உப்பா, நடுநிலைப் பொருளா என்று அறிய இந்த அளவையே நாடுகின்றனர். 1971-இல் கியரி தொகுத்த எல்லை மதிப்புகளே இதற்கு வழக்கமான துணை. கரைப்பான் ஈனியைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்திருந்தாலும் கருவி அதே எண்ணைத்தான் காட்டும் என்பதை அந்த அட்டவணையை எடுத்தாளும் பலர் மறந்துவிடுகின்றனர்.

எலக்ட்ரான் கடத்தும் கரிமப் பொருள்கள்

மேற்சொன்னவற்றில் எல்லாம் மின்சுமையைச் சுமப்பவை அயனிகள். திண்மக் கரிமப் பொருள்களில் சுமப்பது எலக்ட்ரான். அங்கே கடத்துத்திறன் ஆய்வுக் கருவியாக இல்லாமல் ஆய்வின் இலக்காகிவிடுகிறது. பெரிலீனோடு புரோமின் சேர்ந்த பொருள் கடத்துவதை 1954-இல் ஜப்பானில் அகமாட்டு, இனோகுச்சி, மட்சுனாகா ஆகியோர் அறிவித்தனர். 1977-இல் ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசிட்டிலீனில் ஹாலஜன் ஆவியை ஏற்றி அதன் கடத்துத்திறனைக் கோடிக்கணக்கான மடங்கு உயர்த்தினர். 2000-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இடையே 1973-இல் டெட்ராதயாஃபுல்வலீன்–டெட்ராசயனோகுயினோடைமீத்தேன் என்ற படிகம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அறை வெப்பநிலையில் செ.மீ.க்குச் சில நூறு சீமென்ஸ் கடத்தும் இது, குளிர்விக்கக் குளிர்விக்க மேலும் நன்றாகக் கடத்தி 60 கெல்வின் அருகே உச்சம் தொடுகிறது. பென்சில்வேனியாவில் அளந்த 70 படிகங்களில் மூன்று மட்டும் நம்பமுடியாத உச்சத்தைக் காட்டின. மீக்கடத்துதலின் வாயிலோ என்று பேச்சு எழுந்தது. மற்ற ஆய்வகங்களால் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. இந்தப் படிகம் ஒரு திசையில் மிக நன்றாகவும் குறுக்கே மிக மோசமாகவும் கடத்துவது. அளப்பதற்காக அதில் ஒட்டிய நான்கு கம்பிகளில் ஒன்று சற்றே விலகியிருந்தால் மின்னோட்டம் மின்னழுத்தக் கம்பிகளைத் தொடாமலே ஓடி, தடை மறைந்துவிட்டது போன்ற போலித் தோற்றத்தைத் தரும் என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின.