தாம்பரம் சானடோரியம்: காற்றே மருந்தாக இருந்த இடம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் இடம் தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்ப்பவர்களும், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குச் சிகிச்சைக்கு வருபவர்களும் இங்கேதான் இறங்குகிறார்கள். “சானடோரியத்துல இறங்கிடு” என்று போனில் வழி சொல்கிறவர்களில் பலருக்கும், அந்தப் பெயர் ஒரு காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது என்பது தெரியாது.

அதை உருவாக்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில், வெல்ஸ் நகருக்கு அருகே மென்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் ஒன்றை நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் 1917-இல் நோயுற்றபோது அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றார். அந்த மருத்துவர்தான் பிறகு தாய்நாடு திரும்பி, 1928 ஏப்ரல் 9 அன்று, பச்சைமலை அடிவாரத்தில் 250 ஏக்கர் பரப்பில் தன் சானடோரியத்தைத் திறந்தார். அவ்வளவு பெரிய இடத்தில் முதலில் இருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே.

இத்தனை இடம் எதற்கு? காற்றுக்காக. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததோ 1940-களில். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் கொடுக்க முடிந்தது சுத்தமான காற்று, வெயில், சத்தான உணவு, நீண்ட ஓய்வு. அதனால்தான் உலகெங்கும் சானடோரியங்கள் ஊருக்கு வெளியே, மலையையோ காட்டையோ ஒட்டி எழுந்தன. அகன்ற தாழ்வாரங்கள், பெரிய சன்னல்கள், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே தாராளமான வெளி என்று கட்டடமே சிகிச்சையின் பாதியாக இருந்தது. பழைய மருத்துவக் கட்டடம் ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் முகப்பு அலங்காரத்தைத் தேட வேண்டாம். காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்தால் போதும்.

1937-இல் அரசு இந்தச் சானடோரியத்தை வாங்கியது.

சானடோரியங்களின் காலம் முடிந்துவிட்டது என்பதை உலகுக்கு நிரூபித்ததும் சென்னைதான். சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். அவர்களுக்குச் சத்தான உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. இருந்தும் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். வீட்டில் சிகிச்சை எடுத்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு பல நாடுகளின் காசநோய்த் திட்டத்தையே மாற்றியது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கிடக்க வேண்டிய கட்டாயம் கோடிக்கணக்கான ஏழைகளுக்கு நீங்கியது. சென்னை பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய சாதனை இது. பாடப்புத்தகத்தில் இடம்பெறத் தகுந்தது.

தாம்பரம் மருத்துவமனை அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான், 1986-இல். அந்த நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய நாட்களில், 1993 முதல் அவர்களை உள்ளே சேர்த்துக்கொண்டது தாம்பரம். காசநோய் அவர்களை எளிதில் தாக்கும் என்பதால் நெஞ்சக நோய் மருத்துவமனையான இதை அவர்கள் நாடி வந்தது இயல்புதான். ஆனால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்க அறிவு மட்டும் போதாது, மனமும் வேண்டும். ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்; நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஒன்றாக இது வளர்ந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது, முதலில் தேர்வான சில மையங்களில் தாம்பரமும் இருந்தது.

இன்றும் இது 700-க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு இயங்கும் அரசு மருத்துவமனை. எனவே பழைய கட்டடம் பார்க்கும் ஆசையில் வார்டுகளுக்குள் நுழைவதும் படம் எடுப்பதும் கூடாது. வரலாற்று நடை நடத்துபவர்கள் அனுமதி பெற்று, வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை.

2028 ஏப்ரலில் இந்த இடத்துக்கு நூறு வயது நிறைகிறது. அதற்குள் எஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களை அரசு அளந்து, படமெடுத்து ஆவணப்படுத்த வேண்டும். ரயில் நிலைய வாசலில் சவுரிமுத்துவின் பெயரையும் இந்த வரலாற்றையும் சொல்லும் பலகை ஒன்றையும் வைக்க வேண்டும்.